அணி கலைந்துவிடும் என்று தெரிந்தும்: ஒஷாவாவின் இரண்டு இறுதித் தோல்விகளும் ஜூனியர் ஹொக்கி பிளேஒஃபும்

ஒஷாவா_வடக்கு எழுதியது:

வணக்கம். கியூபெக்கின் ரிமூஸ்கியில் 2025 ஜூன் 1ஆம் திகதி ஒன்ராறியோவின் லண்டன் நைற்ஸ் அணி மெடிசின் ஹற் ரைகர்ஸை 4-1 என்று வென்று, பதினாறு முதல் இருபது வயதுவரையான ஜூனியர் ஹொக்கி வீரர்களின் தேசியப் பட்டமான மெமோரியல் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். நான் இங்கே ஒஷாவாவில் ஜெனரல்ஸ் அணியின் ஆட்டங்களை மனைவியோடும் மகனோடும் போய்ப் பார்க்கிறவன். 2024 இல் ஒன்ராறியோ ஹொக்கி லீக்கின் இறுதித் தொடரில் லண்டன் எங்களை 4-0 என்று துடைத்தது. 2025 இல் அதே லண்டன், அதே இறுதி, இம்முறை 4-1. முதல் மூன்று சுற்றுகளிலும் ஓவன் சவுண்ட், ஈரி, கிச்சனர் ஆகிய மூன்று அணிகளுக்கும் ஓர் ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் வந்த லண்டன், பருவத்தின் முடிவில் வரும் வெளியேற்றுத் தொடர்களான பிளேஒஃப் முழுவதிலும் தோற்ற ஒரே ஓர் ஆட்டம் எங்களிடம் தோற்றதுதான் என்று சொல்லி நாங்கள் ஆறுதல் அடைந்துகொள்கிறோம்.

என்னுடைய கேள்வி தோல்வியைப் பற்றியது அல்ல. இந்த அணி இனி இராது. கலம் ரிச்சி தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விடுவார். பெக்கெற் செனெக்கி திரும்பி வருவாரா என்பது அவரை 2024 இல் மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்த, என்.எச்.எல். என்னும் பெரிய தொழில்முறை லீக்கின் அனகைம் அணியின் கையில் இருக்கிறது. இருபது வயதுப் பருவத்தை ஆடி முடித்தவர்கள் விதிப்படியே வெளியேறுகிறார்கள். செப்டெம்பரில் அரங்கின் வாசலில் அதே சிவப்பு, நீல, வெள்ளைச் சட்டை இருக்கும். உள்ளே வேறு பிள்ளைகள் இருப்பார்கள். என்.எச்.எல்.இல் ஆடும் ரொறன்ரோ லீஃப்ஸ் அணி எத்தனை முறை தோற்றாலும் அடுத்த ஆண்டும் பெரும்பாலும் அதே ஆட்களைத் திட்டலாம் என்ற வசதியாவது அங்கே உண்டு. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தானாகவே கலையும் ஓர் அணியைப் பிளேஒஃப் முடியும் வரை இவ்வளவு மனம் வைத்துப் பின்தொடர்வதில் என்ன பொருள் இருக்கிறது என்பதை இங்குள்ள நீண்டகால இரசிகர்கள் எழுதினால் மகிழ்வேன்.

மது_பீற்றர்பரோ எழுதியது:

அண்ணா, உங்கள் அணி கலைவதைப் பற்றி 115ஆம் நெடுஞ்சாலையின் மறுமுனையில் இருக்கும் எங்களிடம் கேட்பது பொருத்தம்தான், ஏனென்றால் நாங்கள் அதை முழுமையாக அனுபவித்துவிட்டோம்.

2023 இல் எங்கள் பீற்ஸ் அணி கிழக்குப் பிரிவில் நான்காவதாகத்தான் முடித்தது. ஆனால் நிர்வாகம் அந்தப் பருவத்திலேயே வென்றாக வேண்டும் என்று முடிவெடுத்து, பிளின்ற் அணியிலிருந்து பிரெனன் ஒத்மனையும், மிசிசாகாவிலிருந்து ஓவன் பெக்கையும் கொண்டுவந்தது. இந்த லீக்கில் இளையோரை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வின் முதற்சுற்று உரிமையைக் கைமாற்றுவதற்கு இடமில்லை என்பதால், விலை எல்லாமே எதிர்காலத்து இரண்டாம், மூன்றாம் சுற்று உரிமைகளாகவும் வளர்ந்துவரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளாகவும் கொடுக்கப்படுகிறது. அதாவது, இன்னும் பத்தாம் வகுப்பைத் தொடாத யாரோ ஒரு பையனை விற்று இன்றைக்கு ஒரு முன்கள வீரரை வாங்குகிறார்கள். சட்பரியை நான்கே ஆட்டங்களில் முடித்தோம். ஒட்டாவாவுக்கு ஆறு தேவைப்பட்டது. நோர்த் பேயுடனான பிரிவு இறுதி ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. கடைசியில் லண்டனை ஆறு ஆட்டங்களில் வென்று, 2006க்குப் பிறகு முதன்முறையாக லீக் பட்டத்துக்கான ஜே. ரொஸ் ரொபேட்சன் கோப்பை இந்த ஊருக்கு வந்தது.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு பருவங்களிலும் நாங்கள் பிளேஒஃபுக்குள் கால் வைக்கவில்லை. ஒரு பிரிவில் பத்து அணிகள் இருந்து எட்டு அணிகள் தகுதி பெறும் லீக்கில் அதைத் தவறவிடுவதற்கே தனியாக முயற்சி செய்ய வேண்டும். பிளேஒஃபின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதை 2023 இல் பெற்ற எங்கள் கோலி மைக்கேல் சிம்சன், பிறந்த ஊரான லண்டனுக்கே அந்தக் கோடையில் கைமாற்றப்பட்டார். 2024 இல் உங்களை நான்கு ஆட்டங்களில் துடைத்த அணியின் வலைக்குள் நின்றவர் அவர்தான். இதை நினைவூட்டுவதற்கு மன்னியுங்கள்.

இருந்தாலும் அந்த வசந்த காலத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நோர்த் பே தொடரின்போது எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பில்லெட் அம்மா இருந்தார். வெளியூர்ப் பையன்களைத் தம் வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்களைத்தான் இங்கே அப்படி அழைக்கிறார்கள். மூன்றாம் பகுதியில் அவர் வீட்டுப் பையன் தண்டனைப் பெட்டிக்குள் போனதும், அந்த அம்மா ஆட்டத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, எங்கோ தொலைவில் திரையின் முன் உட்கார்ந்திருந்த அவனுடைய தாய்க்கு, அவன் இரண்டு நிமிடங்களில் வெளியே வந்துவிடுவான் என்று கைபேசியில் எழுதிக்கொண்டிருந்தார். லீஃப்ஸ் ஆட்டத்தில் இதை எந்த வரிசையில் உட்கார்ந்தால் பார்க்கலாம்?

ராம்_லண்டன்_ஒன்டாரியோ எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நான் சென்னையிலிருந்து வந்து லண்டனில் குடியேறியவன். ஆகவே இந்த இழையில் எல்லோருடைய கோபத்துக்கும் உரியவன் என்பதை உணர்ந்தே எழுதுகிறேன்.

எங்கள் அணி பணத்தால் வெல்கிறது என்று பலர் கருதுகிறார்கள். டேல் ஹன்டரும் மார்க் ஹன்டரும் 2000 ஆம் ஆண்டில் இந்த அணியை வாங்கினார்கள். 2005, 2012, 2013, 2016, 2024, 2025 என்று ஆறு முறை லீக் பட்டத்தை வென்றுவிட்டார்கள். அரங்கம் பெரியது, நிரம்புகிறது, வருமானம் இருக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 வரையிலான விதிப்படி, என்.எச்.எல். அணிகள் தேர்ந்தெடுத்த ஓர் இளைஞர் இருபது வயதை அடையும் வரை பெரிய அணியில் ஆட வேண்டும், இல்லையேல் தன் ஜூனியர் அணிக்கே திரும்ப வேண்டும். நடுவில் இருக்கும் அமெரிக்க ஹாக்கி லீக்கில் ஆட முடியாது. இந்த விதியை லண்டன் அளவுக்குப் பயன்படுத்திக்கொண்ட அணி வேறில்லை. லீஃப்ஸ் 2023 இல் முதற்சுற்றில் தேர்ந்தெடுத்த ஈஸ்டன் கவன் எங்களிடம் திரும்பி வந்து, 2025 மெமோரியல் கோப்பையின் சிறந்த வீரர் விருதோடு போகிறார். டொராண்டோக்காரர்கள் எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. 2024 இல் மேற்குப் பிரிவு இறுதியில் சாகினோ அணியை ஆறு ஆட்டங்களில் வென்றோம். பிறகு ஒஷாவாவையும் வென்று பட்டத்தோடு மெமோரியல் கோப்பைக்குப் போனோம். அங்கே போட்டியை நடத்தும் அணி என்ற ஒரே தகுதியில் சாகினோ காத்திருந்தது. இறுதி ஆட்டத்தில் 3-0 என்று பின்தங்கியிருந்து 3-3 என்று சமன் செய்தோம். ஆட்டம் முடிய 22 வினாடிகள் இருக்கையில் ஜாஷ் புளூம் அடித்த கோலில் தோற்றோம். ஏழு ஆட்டத் தொடரில் நாங்கள் வெளியேற்றிய ஓர் அணி, ஒரே இரவில் எங்களை வென்று நாட்டின் சாம்பியன் ஆகிறது என்றால், மார்ச் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை நான்கு சுற்றுகள் ஆடுவது எதற்காக? அணி கலைவது இயற்கை. ஆனால் இந்த நடத்துநர் சலுகை பிளேஆஃபின் மதிப்பையே குறைக்கிறது என்பது என் கருத்து.

பனித்திடல் எழுதியது:

ராம் அவர்களே, உங்கள் வாதத்துக்கு இன்னும் வலுவான சாட்சிகள் இருக்கின்றன. அவற்றை நானே தந்துவிட்டு மறுக்கிறேன்.

2017 இல் வின்ட்சர் ஸ்பிற்ஃபயர்ஸ் முதற்சுற்றிலேயே உங்கள் லண்டனிடம், 3-1 என்று முன்னிலையில் இருந்த தொடரை ஏழாவது ஆட்டத்தில் பறிகொடுத்தது. நடத்தும் அணி என்பதால் 44 நாள்கள் பயிற்சி மட்டும் செய்துவிட்டு வந்து, லீக் பட்டம் வென்ற ஈரி அணியை இறுதியில் 4-3 என்று வென்றது. 2022 இல் செயின்ற் ஜோன் சீ டோக்ஸ் முதற்சுற்றில் ரிமூஸ்கியிடம் தோற்றுப் பயிற்சியாளரையும் நீக்கிவிட்டு, நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் கார்டினர் மக்டூகலைத் தற்காலிகமாக அழைத்து வந்து, ஒரு மாதத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு ஹமில்ரனை 6-3 என்று வென்று கோப்பையை எடுத்தது. அதே மக்டூகல்தான் 2025 இல் மொங்ரன் அணிக்குக் கியூபெக் லீக் பட்டத்தை வாங்கித் தந்தார்.

ஆனால் நடத்தும் அணி என்பது தாமாக வந்து குந்திக்கொண்ட விருந்தாளி அல்ல. 1983 முதல் இந்த ஏற்பாடு இருப்பதற்குக் காரணம் எளிது. இப்போது மூன்று லீக்குகளின் சாம்பியன்களும் ஓர் ஊரில் கூடி ஏறத்தாழ பத்து நாள்கள் ஆடுகிறார்கள். சொந்த அணி களத்தில் இல்லாவிட்டால் வேலை நாள் இரவில் மெடிசின் ஹற்றும் மொங்ரனும் மோதுவதைப் பார்க்க ரிமூஸ்கியில் எத்தனை பேர் சீட்டு வாங்குவார்கள்? நடத்தும் உரிமையைக் கேட்டு விண்ணப்பிக்கும் அணி, அந்த ஆண்டுக்காகவே இரண்டு, மூன்று ஆண்டுகளின் தேர்வு உரிமைகளை அடகு வைத்து ஆள் சேர்க்கிறது. ஆகவே அது பெரும்பாலும் பலமான அணியாகவே இருக்கும்.

அப்படி இருந்தும் வெற்றி நிச்சயம் இல்லை. 2014 இல் நடத்தியவர்கள் யார் என்பது ராம் அவர்களுக்கு நினைவிருக்கும். லண்டன் இரண்டாம் சுற்றில் குவெல்ஃபிடம் தோற்று, சொந்த அரங்கில் மெமோரியல் கோப்பையின் மூன்று ஆட்டங்களையும் தோற்று வெளியேறியது. அப்போது இந்தச் சலுகையைப் பற்றி லண்டனில் யாரும் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. 2026 இல் நடத்தும் உரிமை கெலோனாவுக்கு. அங்கே எது நடந்தாலும் இந்த வாதம் மீண்டும் வரும்.

சஸ்கச்சுவான்_தமிழன் எழுதியது:

கிழக்கே இருப்பவர்கள் பத்தாயிரம் பேர் அமரும் அரங்குகளை வைத்துப் பேசுகிறீர்கள். இங்கே கணக்கு வேறு. பிரின்ஸ் அல்பேர்ட் ரைடர்ஸின் அரங்கில் மூவாயிரம் பேர்கூட அமர முடியாது. 2019 இல் வன்கூவர் ஜயன்ற்ஸுக்கு எதிரான மேற்கு லீக்கின் இறுதித் தொடர் ஏழாவது ஆட்டத்துக்குப் போய், அதுவும் மேலதிக நேரத்துக்குப் போய், டான்ரே ஹனூன் அடித்த கோலில் 3-2 என்று முடிந்தபோது, அந்த ஊரில் அரங்குக்குள் இருந்தவரைவிட வெளியே நின்றவர்களின் ஆரவாரம் அதிகம். பருவகால ஆட்டங்களில் இருப்பதைப் போல மூவருக்கு மூவர் ஆடி, பிறகு ஒவ்வொருவராகக் கோலிக்கு எதிரே போய் அடிக்கும் தனியாள் அடிகளில் முடிக்கும் வழக்கம் பிளேஒஃபில் கிடையாது. ஐவருக்கு ஐவர், யாராவது கோல் அடிக்கும் வரை இருபது இருபது நிமிடங்களாக ஆட்டம் நீளும். இரவு பன்னிரண்டு மணியைத் தாண்டினாலும் யாரும் எழுந்து போவதில்லை.

ஒரு படி கீழே ஜூனியர் ஏ மட்டத்தில் ஆறாயிரம் பேர் வாழும் ஹம்போல்ட் போன்ற ஊர்களில் பிளேஒஃப் என்றால் அந்த மாதம் வேறு பேச்சில்லை. 2018 ஏப்ரல் 6ஆம் திகதி, நிப்பவின் ஹோக்ஸுக்கு எதிரான அரையிறுதியின் ஐந்தாவது ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த பிரொங்கோஸ் அணியின் பேருந்து, 35ஆம், 335ஆம் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் பார ஊர்தியுடன் மோதியது. 29 பேரில் 16 பேர் இறந்தார்கள். அந்த வாரம் நாடெங்கும் வீட்டு வாசல்களில் ஹொக்கி மட்டைகளைச் சாத்தி வைத்தார்கள். ஹொக்கி பார்க்காத எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டாரிடம் ஒன்று வாங்கி வைத்தோம். நான் இந்த ஆட்டத்தைப் பின்தொடரத் தொடங்கியது அதன் பிறகுதான். இந்தப் பிள்ளைகள் பிளேஒஃப் காலத்தில் பள்ளிப் பாடத்தைப் பேருந்தில் படித்து, நள்ளிரவுக்குப் பிறகு வீடு வந்து, மறுநாள் காலை வகுப்புக்குப் போகிறார்கள் என்பதை ஒரு தகப்பனாக அறிந்த பிறகு, தோல்வியில் அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வருவதில்லை.

சிம்கோ_வீதி எழுதியது:

தம்பி ஒஷாவா_வடக்கு, நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரடியாக வருகிறேன். நடத்தும் அணி விவாதம் தனியாக ஓடட்டும்.

நான் இந்த ஊருக்கு வந்த காலத்தில் ஜோன் ரவாரெஸ் இங்கே ஆடிக்கொண்டிருந்தார். பதினைந்து வயதிலேயே இந்த லீக்கில் ஆட விசேட அனுமதி பெற்ற முதல் ஆள் அவர். 2009 ஜனவரியில் அவரை லண்டனுக்கு அனுப்பியபோது ஊரே துக்கம் கொண்டாடியது. அன்றைக்கு விட்டுவிட்டிருந்தால் 2015ஐப் பார்த்திருக்க மாட்டேன்.

2015 இல் லீக் இறுதியில் கொனர் மக்டேவிட் ஆடிய ஈரி அணியை ஐந்து ஆட்டங்களில் வென்றோம். மே 31ஆம் திகதி கியூபெக் நகரில் மெமோரியல் கோப்பையின் இறுதியில் எதிரே கெலோனா. அதில் லியோன் டிரைசைற்றில் இருந்தார். அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான் கிடைத்தது. அதாவது, பின்னாளில் எட்மன்ரனின் என்.எச்.எல். அணியில் ஒன்றாகச் சேர்ந்து உலகத்தை மிரட்டப் போகும் இருவரையும் ஒஷாவா ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பியது. ஆட்டம் 2-1 என்று மேலதிக நேரத்தில் முடிந்தது. எங்களுடைய இரண்டு கோல்களையும் அடித்தவர் அன்ரனி சிரெல்லி என்ற பதினேழு வயதுப் பையன். லீக்கின் இளையோர் தேர்வில் அவரை ஓர் அணியும் எடுக்கவில்லை. பயிற்சி முகாமுக்கு வந்து இடம்பிடித்தவர். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் அவர் பனியில் இறங்கும்போது நாங்கள் கோப்பி வாங்கப் போவோம்.

ஆகையால் என் முறை இதுதான்: தோற்ற இறுதியிலும் நான்காம் வரிசையில் ஆட்டத்துக்கு ஆறேழு நிமிடங்கள் மட்டும் இறங்கிய பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் யார் என்று குறித்து வைத்துக்கொள்வேன். அவர்களுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அணியைப் பின்தொடர்வதாக நினைத்தால் ஆண்டுதோறும் மனம் உடையும். ஒரு வயதுக் கூட்டத்தைப் பின்தொடர்ந்தால் அதற்கு ஒரு தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் இருக்கிறது. அந்த முடிவு எப்போதும் பிளேஒஃபில்தான் வரும். இருபது வயதுக்காரர்களை ஓர் அணியில் மூவர் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்த மூவர் யார் என்ற கேள்வியே எனக்கு ஒரு மாதத்தை ஓட்டிவிடும்.

மார்க்கம்_பிக்கறிங் எழுதியது:

ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அவர் சொல்லும் மூன்று ஆண்டுகள் இனி உறுதியில்லை. இதுவரை இந்த லீக்கில் ஆடியவர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கியில் ஆடும் தகுதியை இழந்துவிடுவார். 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் இங்கிருந்து அங்கே போகலாம். பதினெட்டு வயதில் அமெரிக்கக் கல்லூரியொன்று அழைத்தால் எந்தப் பெற்றோர் வேண்டாம் என்பார்கள்? முன்பு பத்தொன்பது வயது நட்சத்திரங்களைச் சுற்றிப் பிளேஒஃப் அணி கட்டப்பட்டது; இனி அந்த வயதில் ஆள் இருப்பாரா என்பதை நம்பித் தேர்வு உரிமைகளை அள்ளிக் கொடுக்க நிர்வாகங்கள் தயங்கும் என்று எண்ணுகிறேன். மாறாக, முன்பு கல்லூரித் தகுதியைக் காப்பாற்றுவதற்காகவே இந்த லீக்கைத் தவிர்த்து ஜூனியர் ஏ மட்டத்தில் ஆடிய பிள்ளைகள் இனி மேலே வருவார்கள்.

அந்த ஜூனியர் ஏ அணிகளைப் பற்றியும் ஒரு சொல். நம்மவர் நிறைந்த மார்க்கத்தில் ரோயல்ஸ், பிக்கறிங்கில் பந்தர்ஸ் என்று வீட்டுக்குப் பத்து நிமிட தூரத்தில் அணிகள் இருக்கின்றன. சமூக நிலையத்தின் நீச்சல் குளத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்களுக்கு அதே கட்டடத்தில் பிளேஒஃப் நடப்பது தெரியாது. கண்ணாடிக்கு அருகிலேயே நிற்கலாம், சீட்டு மலிவு, கோலி தன் பின்கள வீரர்களைக் கூப்பிடுவது காதில் விழும். இவை ஆடும் ஜூனியர் ஏ லீக்கிலிருந்து கொலிங்வுட் புளூஸ் 2024 இல் அந்த மட்டத்தின் தேசிய சாம்பியனே ஆனது. ஆட்டத்தின் தரம் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு ஏழு ஆட்டத் தொடர் ஒன்றை முழுவதும் நேரில் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட வசதியான இடம் இல்லை.

ராம்_லண்டன்_ஒன்டாரியோ எழுதியது:

பனித்திடல் அவர்கள் 2014ஐ எடுத்துப் போட்டது சரியான அடிதான். ஆனாலும் நடத்தும் அணி வருமானத்துக்குத் தேவை என்பது ஒரு கணக்கு, அதற்கு நேரே நாட்டின் சாம்பியன் ஆகும் வாய்ப்பைக் கொடுப்பது வேறு கணக்கு. குறைந்தபட்சம் இரண்டாம் சுற்றையாவது தாண்டிய அணிதான் நடத்தும் இடத்தைப் பெறலாம், இல்லையேல் அந்த லீக்கின் இறுதியில் தோற்ற அணி அந்த இடத்துக்கு வரட்டும் என்று ஒரு விதி வைத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். அப்படி இருந்திருந்தால் 2017 இல் வின்ட்சருக்கும் 2022 இல் செயின்ட் ஜானுக்கும் இடமில்லை. 2024 இல் சாகினோவுக்கு இடம் உண்டு, அந்தத் தோல்வியை நான் பொறுத்துக்கொள்வேன்.

பனித்திடல் எழுதியது:

ஓராண்டுக்கு முன்பே அரங்கையும் விடுதிகளையும் பேசி முடித்த ஊரிடம், ஏப்ரல் மாதத்தில் உங்கள் அணிக்கு இடமில்லை, பூசையை மட்டும் நடத்துங்கள் என்று சொல்ல முடியாது. அப்படியொரு விதி வந்தால் விண்ணப்பிக்கவே ஆள் இராது.

ஒஷாவா_வடக்கு எழுதியது:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. சிம்கோ_வீதி ஐயாவின் முறைப்படி, இறுதித் தொடரில் எங்கள் பக்கம் குறைவாக இறங்கிய இளையவர்கள் யார் என்று நேற்றிரவு மகனும் நானும் பதிவுகளைப் பார்த்துக் குறித்தோம். அவன் தெரிந்தெடுத்தவரும் நான் தெரிந்தெடுத்தவரும் வேறு வேறு. பருவச் சீட்டைப் புதுப்பிக்கப் போகிறேன், ஆனால் முழுப் பருவத்துக்கும் அல்ல. பாதி ஆட்டங்களுக்கு மட்டும் வாங்கிவிட்டு, மிச்ச வார இறுதிகளில் பிக்கறிங் பக்கம் போய்ப் பார்க்க நினைக்கிறோம். மறுபாதியைப் பகிர்ந்துகொள்ள டூரம் பகுதியில் யாராவது இருந்தால் தனிமடலில் எழுதுங்கள். லண்டன் இங்கே வரும் ஆட்டம் மட்டும் என் பாதியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

மது_பீற்றர்பரோ எழுதியது:

அண்ணா, பீற்ஸ் அங்கே வரும் ஆட்டங்களை எனக்கு விட்டுவிடுங்கள். நாங்கள் நான்கு பேர் வருவோம்.